காணாத கடற்காகத்தின் வரலாறு

1840-இல் சென்னையில் அச்சான ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ என்ற சஞ்சிகையில் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் ஒரு கடற்காகத்துக்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். மதராசுக்கு வந்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் விவரித்த பறவை மேற்குக் கரையில் கிடைத்தது. இன்று புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பக்கத்துக் கரையில் கார்த்திகை மார்கழியில் மணல்திட்டுகளில் கூட்டமாக உட்கார்ந்திருப்பது அதே இனம்தான்: பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக்கிலும் திபெத்திலும் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி வந்து மாசி பங்குனி வரை எங்கள் பக்கம் தங்கும்.

ஜெர்டனுக்கு ஒரு வருஷம் முந்தி, 1839-இல், இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கிடைத்த இன்னொரு கடற்காகத்தை விவரித்து எழுதினார்கள். மெல்லலகுக் கடற்காகம். மத்தியதரைக் கடல் தொடங்கி ஈரான், கஜகஸ்தான், பாகிஸ்தான் வரை ஆங்காங்கே கூடு கட்டும். குளிர்காலத்தில் பாரசீக வளைகுடாவிலும் சிந்து, குஜராத் கரைகளிலும் இருக்கும். குஜராத் உப்பளங்களில் அதைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. தமிழ்நாட்டில் கோடியக்கரையை ஒட்டிய உப்புச் சதுப்பில் பதிவாகியிருக்கிறது. மரக்காணத்தில் நான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

கிடைக்காத பறவைக்கு வரலாறு எழுத முடியுமா என்று என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை ஒருவர் கேட்டார். முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஏன் கிடைக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கினால் இந்தக் கரையின் உப்பும் மணலும் கால்வாயும் துறைமுகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

நான் பெரிய முதலியார்சாவடியில் பிறந்து வளர்ந்தவள். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அப்பா கட்டுமரத்தில் போனவர். பறவைகளை அவர் எனக்குக் காட்டிக் கொடுத்தது அழகுக்காக இல்லை. “காக்கா எங்க விழுதுன்னு பாரு” என்பார். விழுகிற இடத்தில் மீன் இருக்கும். ஆலாவும் கடற்காகமும் அவருக்கு ஒரே காக்காதான். பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. எனக்கு வந்தது.

பிரித்துப் பார்ப்பதில் என்ன சிக்கல் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக்குப் பழுப்புத் தலையே கிடையாது. தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் நிற்கும். மெல்லலகுக்கு அந்தப் பொட்டு இருக்காது. இருந்தாலும் அழித்த பென்சில் கோடு மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். நெற்றி சரிந்து இறங்கி அலகோடு சேரும். அலகும் கழுத்தும் கொஞ்சம் நீளம். மார்பில் சில சமயம் லேசான ரோஸ் நிறம் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கண்ணின் நிறம் இரண்டுக்கும் வெளிறியதுதான். பறந்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும்: பழுப்புத்தலையின் இறக்கை நுனி கறுப்பு, அதற்குள் வெள்ளைத் திட்டுகள், மெல்லலகின் இறக்கையில் வெளிப்பக்க முன்விளிம்பு முழுக்க வெள்ளை. ஆனால் உப்பளத்தில் அவை பறக்கிற நேரம் குறைவு. வரப்பில் வரிசையாகக் காற்றை எதிர்த்து உட்கார்ந்து, தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும். அலகைப் பார்க்கத்தான் போகிறோம். அலகு இறகுக்குள் இருக்கும். ஐந்நூறு பறவையில் நானூற்றுத் தொண்ணூற்றைந்து இப்படித் தூங்கினால், தேடுகிற ஒன்று அந்த ஐந்தில் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இளம் பறவைகள் இன்னொரு தொல்லை. கடற்காகங்களில் பெரிய இனங்கள் முழு வளர்ச்சி நிறத்துக்கு வர நாலு வருஷம் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு சட்டை. சிறிய இனங்களுக்கு இரண்டு வருஷம். முதல் குளிர்காலத்துப் பழுப்புத்தலையில் பொட்டு மங்கலாக இருக்கும் பறவைகள் உண்டு. அலகு ஆரஞ்சு, கால் ஆரஞ்சு, பொட்டு இல்லாதது மாதிரி ஒரு பக்கவாட்டுத் தோற்றம். நெஞ்சு படபடக்கும். அது திரும்பும், பொட்டு தெரியும்.

ஜெர்டன் காலத்தில் இந்தச் சிக்கலுக்குத் துப்பாக்கிதான் தீர்வு. சந்தேகமான பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, அலகை அளந்து, ஊர், தேதி எழுதிய சீட்டைக் காலில் கட்டினார்கள். இந்தியாவின் பறவை வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டது. அதில் மிகப் பெரிய சேகரிப்பு ஆலன் ஆக்டேவியன் ஹியூமுடையது. காங்கிரஸ் உருவான அதே 1885-இல் சுமார் 82,000 பறவைத் தோல்களை அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஹியூமைப் பறவைக்காரர் என்றும் காங்கிரஸ்காரர் என்றும் தெரிந்தவர்களில் பலருக்கு இன்னொன்று தெரியாது: 1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்கத் துறையின் ஆணையர். உப்பு கடத்தப்படாமல் இருக்க வட இந்தியாவுக்குக் குறுக்கே முள்வேலி வளர்த்துக் காவல் போட்டிருந்தார்களே, அது அவர் பொறுப்பில் இருந்தது. 1869-இல் அந்தச் சுங்க எல்லை 2,300 மைல் நீளம். காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர். உப்பை ஒரு பிடி விடாமல் கணக்கெடுத்த ஆட்சியில், பறவையையும் ஒன்று விடாமல் கணக்கெடுக்க ஆசைப்பட்ட ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பியேர் சொன்னெரா அங்கே தங்கிச் சேகரித்தார். அவருடைய பயண நூல் 1782-இல் பாரிசில் வெளிவந்தது. பிறகு ழான்-பப்தீஸ்த் லெஷெனோ 1816-இல் வந்து ஆறு வருஷம் புதுச்சேரியில் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் பிரான்சுக்கு அனுப்பியவற்றில் ஒரு கரைப்பறவை இருந்தது. 1826-இல் லெசோன் அதை விவரித்து லெஷெனோவின் பெயரையே வைத்தார். பெரிய மணல் உப்புக்கொத்தி அது. உலகம் முழுக்க அந்த இனத்துக்கு மூல இடம் என்று பதிவாகியிருப்பது புதுச்சேரி. மரக்காணம் அளங்களில் குளிர்காலத்தில் இன்றும் அது வரப்போரம் நாலடி ஓடி நிற்கும், மறுபடி நாலடி ஓடும். கடற்காகம் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும்போது அதையாவது பார்த்துவிட்டு வருவேன்.

கவனித்தால் ஒன்று விளங்கும். சுட்டவர்கள் கிடைத்ததை எழுதினார்கள். கிடைக்காததை யாரும் எழுதவில்லை. மெல்லலகுக் கடற்காகம் 1840-இல் மரக்காணத்துக்கு வந்ததா, 1880-இல் வந்ததா என்பதற்குப் பழைய சேகரிப்புகளில் பதில் தேடினால் ‘இருக்கிறது’ என்ற சீட்டு மட்டும்தான் கிடைக்க வாய்ப்பு. ‘தேடினோம், இல்லை’ என்ற சீட்டை எந்தப் பறவையின் காலிலும் கட்ட முடியாது.

உப்பளத்தின் வயது இதைவிட ரொம்பப் பெரியது. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல் வழிநூல் இந்தக் கரையில் மூன்று துறைகளைச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபத்மா. பொதுகே அரிக்கமேட்டுப் பக்கம் என்றும் சோபத்மா மரக்காணம் என்றும் அடையாளப்படுத்துவார்கள். மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் அளங்கள் பேசப்படுகின்றன. வடக்கே ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது, பத்து வருஷத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். உப்பு, நெய், சரிகைத் துணி எல்லாம் ஏற்றுமதியான துறை. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. விளைவிக்கிறவன் விளைவித்ததைக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். அந்த நூற்றாண்டில் துண்டு துண்டாக வெட்டி இணைத்த பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை மரக்காணத்தை ஒட்டி வந்து முடிகிறது. உப்பு அதில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓர் இயற்கை உவர்ச்சதுப்பு வரப்புகளாகவும் பாத்திகளாகவும் மாறியதில் பறவைகளுக்கு நட்டம் மட்டும் வரவில்லை. வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு உவர்ப்பில் தண்ணீர் நிற்கிற இடம் அது. தெப்பம் என்ற தேக்கத்தில் சேரும் உவர்நீர், வெயிலில் கெட்டிப்பட்டுப் படிப்படியாகப் பாத்திக்கு நகரும். உவர்ப்பு அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். இருபத்தைந்து வந்தால் உப்பு இறங்கும் என்று அளத்தில் கணக்கு. நடுத்தர உவர்ப்பில் மீன்கள் வாழாத தண்ணீரில் உப்புநீர் இறால் பெருகும். மெல்லலகுக் கடற்காகம் உலகம் முழுக்க உப்பளங்களை விரும்புவதற்கு இந்த மாதிரித் தண்ணீர் ஒரு காரணம். அதனால்தான் அது இங்கே வராமலிருக்க நியாயமில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் காலம் குறுக்கே நிற்கிறது. மரக்காணத்தில் சுமார் 3,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழையில் எல்லாம் முழுகும், வேலை நிற்கும். தொழிலாளிகள் சும்மா இருக்கிற அந்த மூன்று மாதம்தான் கடற்காகங்களுக்கு அளம் முழுசாகக் கிடைக்கிற மூன்று மாதம். தை பிறந்ததும் தண்ணீரை இறைத்து, சேறு வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தத் தொடங்குவார்கள். வெறுங்காலோடு வரிசையாக நின்று மிதிக்கும்போது, வரப்பில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எழும்பி அடுத்த அளத்துக்குப் போகும். அங்கேயும் ஆள் வந்தால் கழிமுகத்துக்குப் போகும். ஜனவரி மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களும் இவையே. பறவை எண்ணப் போகிறவர்களும் அளத்தில் இறங்குகிறவர்களும் ஒரே வரப்பில் எதிரெதிராக வருவோம். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறார்கள். வரப்பில் ஒதுங்கி நிற்க வேண்டியவள் நான்தான்.

அப்படி ஒதுங்கி நின்ற ஒரு காலையில்தான் அளத்து அண்ணன் ஒருவரோடு பேச்சு வந்தது. நாற்பது வருஷமாக அளத்தில் இருக்கிறவர்.

“எல்லாம் வெள்ளக் காக்காதான டீச்சர்? அதுல எதத் தேடுற?”

“மூக்கு கொஞ்சம் நீளமா இருக்கும்ண்ணே. கண்ணுக்குப் பின்னால கறுப்புப் பொட்டு இருக்காது.”

அவர் யோசித்தார். “பொட்டில்லாதது ஒண்ணு அந்தத் தெப்பத்து ஓரமாத் தனியா நிக்கும். போன வாரம் பார்த்தேன். சேறு வார ஆரம்பிச்சதும் எழும்பிடுச்சு.”

“கால் என்ன கலர்ண்ணே?”

“கால் தண்ணிக்குள்ள இல்ல இருந்துச்சு?”

அவர் சொன்னது மெல்லலகாக இருக்கலாம். முதல் வருஷப் பழுப்புத்தலையாகவும் இருக்கலாம். எனக்கு வலித்தது வேறு விஷயம். இந்த அளத்தில் தினமும் விடிவதற்கு முன்னால் வந்து நிற்கிற மனிதர் ஒருவர், கூட்டத்தில் சேராத ஒரு பறவையைத் தனியாகக் கவனித்து வைத்திருக்கிறார். அவர் பார்த்ததைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை. படம் இருந்தால்தான் பதிவு. அன்றைக்கு அந்தத் தெப்பத்தோரம் வெயில் ஏறும்வரை நின்றேன். ஒன்பது மணிக்கு மேல் அளத்தில் கானல் எழும்பிவிடும். தொலைநோக்கியில் பறவையின் கால் நெளியும், அலகு நெளியும், பொட்டு இருக்கிறதா இல்லையா என்பதே நெளியும். கண்ணில் உப்பின் வெள்ளை அடிக்கும். அதற்கு மேல் அங்கே பறவை பார்ப்பது வீண்.

இந்த வட்டாரத்தைப் பறவைகளுக்காக முறையாக முதலில் கணக்கெடுத்தவர்கள் என்று நான் மதிப்பது கிறிஸ்தியன் பெரென்னூவையும் வி. சாந்தாராமையும். 1980-களின் பிற்பகுதியில் தென்கிழக்குக் கரை நீர்நிலைகளைச் சுற்றி அவர்கள் செய்த வேலைக்குப் பிறகுதான் கழுவெளி ஏரி, அதுவரை வெறும் வெள்ளக்காடாகத் தெரிந்தது, ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகளின் இடமாக வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஏரியும் எடையந்திட்டுக் கழிமுகமும் அளமும் ஒரே தண்ணீரின் மூன்று நிலைகள். 2021 டிசம்பரில் தமிழக அரசு 5,151.60 ஹெக்டேரைக் கழுவெளிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நல்ல காரியம், தாமதமாக வந்த நல்ல காரியம்.

என் ஊர்க் கரைக்கு அப்படி எதுவும் நேரவில்லை. சின்ன வயதில் வீட்டிலிருந்து இறங்கினால் தண்ணீருக்கு முன்னால் அகலமான மணல் இருந்தது. வலை காயப் போடவும் கட்டுமரம் ஏற்றி வைக்கவும் இடம் போக, மாலையில் கடற்காகங்கள் வந்து உட்காரவும் இடம் இருந்தது. 1986-இல் தொடங்கி 1989-இல் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் முடிந்தன. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை நிறுத்தியது. தெற்கே மணல் மேடேறியது. வடக்கே கடல் தின்றது. முதலில் புதுச்சேரி நகரத்தின் கடற்கரை போயிற்று. அதற்குக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பிறகு நாங்கள், பிறகு பொம்மையார்பாளையம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் மிச்சமிருந்ததையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இப்போது பக்கத்துக் குப்பங்களில் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அதன் ஒரு பக்கத்தில் மணல் சேர்கிறது, மறு பக்கத்தில் போகிறது.

கடற்காகத்துக்கு உட்கார மணல் வேண்டும். மனிதரும் நாயும் கிட்டே வந்தால் முன்கூட்டியே தெரிகிற மாதிரித் திறந்த, தட்டையான, ஈரமான மணல். கருங்கல் குவியலில் அது கூட்டமாக உட்காராது. எங்கள் கரையில் முன்பு என்னென்ன கடற்காகம் வந்தது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. அப்பாவின் தலைமுறைக்கு அவையெல்லாம் காக்கா. என் தலைமுறை கண்ணைத் திறப்பதற்குள் அவை உட்கார்ந்த இடம் கடலுக்குள் போய்விட்டது. மெல்லலகைத் தேட நான் பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை எல்லாம் தாண்டி மரக்காணம் வரை போவது இதனால்தான். அளம் அதற்குப் பிடித்த இடம் என்பது பாதிக் காரணம். என் வாசலில் அதற்கு இடமில்லை என்பது மீதிக் காரணம்.

தேடல் இங்கே மட்டும் இப்படியில்லை. 1929-இல் கோபிப் பாலைவனத்தில் ஸ்வென் ஹெடினின் பயணக் குழுவுக்குக் கிடைத்த ஒரு கடற்காகத்தை வைத்து 1931-இல் ஸ்வீடனின் லோன்பெரி ஒரு புது வடிவத்தை விவரித்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அறிஞர்கள் அதை நம்பவில்லை. கலப்புப் பறவை என்று கூடச் சொன்னார்கள். 1960-களின் கடைசியில் கஜகஸ்தானின் அலாகோல் ஏரியில் அதன் கூடுகளே கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு தனி இனம் நாற்பது வருஷம் சந்தேகத்தில் கிடந்தது. நம் பக்கத்திலேயே ஜெர்டனின் பெயரைத் தாங்கும் கலிவிக் கோடி என்ற பறவை 1900-க்குப் பிறகு அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் தேடிக்கொண்டிருந்தபோது, அதைப் பிடித்துக் காட்டியது ஊர்க்காரர் ஒருவர். அந்தப் பறவையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரவில் நடமாடும் பறவையைப் பகலில் தேடியவர்களுக்குத்தான் அது அழிந்திருந்தது. அந்த அளத்து அண்ணனோடு பேசிய பிறகு இந்தக் கதை எனக்கு வேறு கனத்தோடு கேட்கிறது.

மறுபக்கமும் உண்டு. மெல்லலகுக் கோட்டான் என்ற கரைப்பறவை 1995 பிப்ரவரியில் மொராக்கோவில் கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பலர் பல வருஷம் தேடினார்கள். 2024 நவம்பரில் விஞ்ஞானிகள் அது அழிந்துவிட்டது என்ற முடிவை வெளியிட்டார்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் எது? காணாதவர்கள் எழுதி வைத்த காணாமைதான். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் தேடினோம், கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் இல்லாமல் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

இங்கேதான் என் மனம் மாறியது. முன்பெல்லாம் கிடைக்காத நாளில் நோட்டைத் திறக்க மாட்டேன். ஐந்தரை மணிக்கு ஈசிஆரில் பஸ் பிடித்து, கால்வாய்ப் பாலத்தில் இறங்கி, வரப்பில் நடந்து, முழங்கால் வலியோடு வீடு திரும்பிய பிறகு ‘இல்லை’ என்று எழுத யாருக்கு மனம் வரும்? புயலுக்கு மறுநாள் போனதும் அப்படித்தான். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது அளங்கள் மொத்தமும் ஏரியாகிவிட்டன. புயல் நடுக்கடல் பறவைகளைக் கரைக்குத் தள்ளும் என்பதால் ஆசையோடு காத்திருந்தேன். சாலை திறந்ததும் போய்ப் பார்த்தால் வரப்பே தெரியவில்லை; உட்கார இடமில்லாமல் எந்தக் கடற்காகமும் இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் மங்கலான படத்தைப் பார்த்து ஓடிய நாட்களும் உண்டு. அந்தப் படத்திலிருப்பது எது என்று இன்றுவரை யாராலும் முடிவு செய்ய இயலவில்லை. போய்ச் சேரும்போது ‘நேத்து இருந்துச்சே’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் தரும் எரிச்சலுக்கு மருந்து கிடையாது.

இப்போது எழுதுகிறேன். 2015-இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இபேர்டு என்ற பதிவுத் தளமும் இதற்கு ஒரு வழி செய்திருக்கின்றன. ஓர் இடத்தில் நமக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் விடாமல் எழுதினோமா என்று பட்டியலின் கடைசியில் கேட்கிறார்கள். ஆம் என்றால், பட்டியலில் இல்லாதது அன்று அங்கே காணப்படவில்லை என்று கணக்காகிறது. ஜெர்டனாலும் ஹியூமாலும் கட்ட முடியாத சீட்டு இது. நூறு வருஷம் கழித்து ஒருவர் மரக்காணத்தில் மெல்லலகு இருந்ததா என்று கேட்டால், அவருக்குச் சொல்ல ‘தேடினார்கள், இந்த நாட்களில் இல்லை’ என்ற பதிலாவது இருக்கும். அதோடு அளத்து அண்ணன் சொன்னதையும் அவர் சொன்ன சொற்களிலேயே தனி நோட்டில் எழுதுகிறேன்: எந்தத் தெப்பம், எந்த வாரம், தனியாகவா கூட்டமாகவா, கால் தண்ணீருக்குள் இருந்ததா என்பது வரை. பக்கத்து அளத்தில் உப்பு சுமக்கும் பெண்களிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கூடையோடு அம்பாரத்துக்கும் பாத்திக்கும் நாள் முழுக்க நடக்கிறவர்கள் பார்க்கிற அளவுக்கு எந்தத் தொலைநோக்கியும் பார்ப்பதில்லை.

கடைசியாக எழுதியது இது. தை மாதம், காலை ஆறேகால் முதல் ஒன்பது வரை. வாடைக்காற்று, வானம் தெளிவு. பாலத்துக்குத் தெற்கே இரண்டு தெப்பம், அதை ஒட்டிய பாத்திகள். பழுப்புத்தலை முந்நூறுக்கு மேல், பெரிய கருந்தலைக் கடற்காகம் ஆறு, அதில் இரண்டுக்குத் தலை கறுக்கத் தொடங்கியிருக்கிறது. மணல் உப்புக்கொத்திகள் வரப்பு நெடுக. ஏழேமுக்காலுக்குப் பாத்தி மிதிக்க ஆள் இறங்கியதும் கூட்டம் எழும்பியது. பறந்தவற்றின் இறக்கை நுனிகளைப் பார்த்தேன், எல்லாம் கறுப்பு. மெல்லலகு தேடினேன், காணவில்லை. வடக்குப் பக்கத்து அளங்களைப் பார்க்கவில்லை. வழியில் தண்ணீர் இன்னும் வடியவில்லை.